முடியில் தங்கிய கோடை

சம்யுக்தாவின் கூந்தல் முழங்காலைத் தொடும். பின்னலை அவிழ்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. அந்தக் கூந்தல்தான் அவளுக்கு வரன் கொண்டுவந்தது. அந்த வரனைத் தட்டிப் பறிக்க வந்ததும் அதுதான்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இப்போதெல்லாம் ஜாதகம் பார்த்த கையோடு முடிச் சோதனைக்கும் நாள் குறித்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் இது போதைப்பொருள் பிடிக்கிற போலீஸ் சமாச்சாரம். உடம்புக்குள் போனது எதுவானாலும் ரத்தத்தின் வழியாகக் கொஞ்சம் வளர்கிற முடிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். பழைய கருவிகளால் கடைசிச் சில மாதங்களின் கதையைக் குத்துமதிப்பாகப் படிக்கத்தான் முடிந்தது. பிறகு வந்த இயந்திரம் வேரிலிருந்து நுனிவரை ஒவ்வொரு நாளாகப் படித்தது. கல்யாணத் தரகர்கள் அதை விடுவார்களா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாப்பிள்ளைகள் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய யோக்கியத்துக்கு வயது ஒன்றரை மாதம். "ஆம்பளப் பசங்க வெயில்ல சுத்தறவங்க, முடி வெச்சா வேர்க்குமுங்க" என்று பெற்றவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள். பெண்ணுக்கு மட்டும் நீளமாக இருக்க வேண்டும். தோளோடு வெட்டிய பெண்ணைக் கண்டால், எதை வெட்டி எறிந்தாளோ என்று பார்வையாலேயே கேட்டார்கள்.

விசாகன் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, அவன் அம்மா வசுமதி சம்யுக்தாவின் பின்னலைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். "ஏழு வருசம் இருக்குமா சம்பந்தி?"

"தாராளமா இருக்குமுங்க" என்றாள் பரிமளம். சம்யுக்தாவின் அப்பா போன பிறகு பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்தவள். மகளின் முடிக்கு வாரம் தவறாமல் எண்ணெய் காய்ச்சி, தலையில் அழுத்தித் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டவள். அந்தக் கேள்விக்குப் பூரித்துப்போய்ப் பதில் சொன்னாள்.

முடிச் சோதனை ஒரு சம்பிரதாயம் என்றுதான் இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். சோதனை மையத்திலிருந்து ஒரு பெண் வந்து, பின்மண்டையில் பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் முடியை வேரோரமாக நறுக்கி, நூலால் கட்டி எடுத்துப்போனாள். முடிவு வருவதற்குள் நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டது. விசாகனும் சம்யுக்தாவும் தினமும் பேசத் தொடங்கியிருந்தார்கள். சொட்டுநீர்க் குழாய் வியாபாரம் செய்கிறவன். பேச்சும் அப்படித்தான், சொட்டுச் சொட்டாக வரும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"இதையே தினமும் கேக்கறீங்களே, வேற கேள்வியே இல்லையா?"

"இருக்குது. எல்லாத்தையும் இப்பவே கேட்டுட்டா, கல்யாணத்துக்கப்புறம் முப்பது வருசம் என்ன கேக்கறது?"

வெகுகாலத்துக்குப் பிறகு சம்யுக்தா வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறபோதே இடையில் நினைத்துச் சிரித்துவிட்டு, பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டாள். இனி நமக்கு இப்படியொன்று வாய்க்காது என்று மூடி வைத்த அறையை அவன் மெல்லத் திறந்துவிட்டான். இந்தக் கல்யாணம் அவளுக்கு வேண்டும். யார் சொல்லியும் இல்லை, அவளுக்கே வேண்டும்.

முடிவு வந்த அன்று வசுமதி, மகனையும் மகள் லயாவையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். வந்தவள் காபியைத் தொடவில்லை. கையடக்கத் திரையை விரித்து மேஜையில் வைத்தாள். வேரிலிருந்து நுனிவரை பச்சையாக ஒரு நீண்ட பட்டை. நுனியை நெருங்குகிற இடத்தில் மட்டும் கரியைத் தடவியது போல ஒரு கறுப்புத் துண்டு.

"இது என்னங்க சம்பந்தி?"

பரிமளம் குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை.

"நாங்க ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள் வசுமதி, தேன் தடவிய குரலில். "முடி சொல்லுது. உங்க பொண்ணு காலேஜு முடிச்ச வருசம், கோடை காலம் பூரா ஏதோ மயக்க மருந்து எடுத்திருக்குதுங்களாம். நாளு தவறாம. நம்ம சொந்தம் ஒறம்பரைல இந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கெடையாதுங்க."

"நான் எதையும் எடுக்கலைங்க அத்தை" என்றாள் சம்யுக்தா. "ஒரு நாள் கூட. சத்தியமா."

"முடி பொய் சொல்லாதுன்னு சொல்றாங்களே கண்ணு."

"என்ற பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைங்க." பரிமளம் திரையைத் தள்ளி வைத்தாள். "மிசினுல ஏதோ கோளாறு. வேற யாரு முடியாச்சும் மாறியிருக்கும்."

லயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். "அம்மா, அண்ணனோட முடியையும் ஏழு வருசம் வளத்துப் பாத்தா என்னென்ன வருமோ! காலேஜ் ஆஸ்டல்ல அண்ணன் பண்ணின கூத்து..."

"நீ வாய மூடு" என்றாள் வசுமதி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணா?"

வாசலில் விசாகன் சம்யுக்தாவைத் தனியாகப் பிடித்தான். கண் கலங்கியிருந்தான். அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

"எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லிரு சம்மு. நான் மன்னிச்சுடறேன்."

"பண்ணாததுக்கு எதுக்குங்க மன்னிப்பு?"

"அப்படின்னா அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்துது?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்க் காரில் ஏறினான். அன்று ராத்திரி, சாப்ட்டியா என்று கேட்டு அழைப்பு வரவில்லை.

செய்தி ஊருக்குள் பரவ ஒரு வாரம் கூட ஆகவில்லை. வகுப்பில் கரும்பலகையில் யாரோ அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட்டை வரைந்து வைத்திருந்தார்கள். பெற்றோர்கள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "இவங்க எங்க பிள்ளைக்குப் பாடம் எடுக்க வேண்டாம்" என்றார்கள். தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மிகுந்த அன்போடு, "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்குங்க டீச்சர், உங்க நல்லதுக்குத்தான்" என்றார். எல்லோரும் அவளிடம் மென்மையாகத்தான் பேசினார்கள். ஒருவர் கூடக் குரலை உயர்த்தவில்லை.

கோயம்புத்தூரில் இன்னும் நுட்பமான கருவி இருக்கிறது, அங்கே போய்ச் சோதித்துப் பார்க்கிறேன் என்று சம்யுக்தா சொன்னபோது, பரிமளம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குக் கண்ணு? இன்னொருக்காப் போயி அசிங்கப்படறதுக்கா? இந்தச் சம்பந்தம் போனாப் போகுது. நான் வேற பாக்கறேன்."

"எனக்கு வேற வேண்டாம்மா. விசாகனை விடு. என் பேரு கெட்டிருக்குது, அதுக்காச்சும் போகணும்."

"அம்மா சொல்றதக் கேளு சாமி."

சம்யுக்தா கேட்கவில்லை. தனியாகவே பஸ் ஏறிப் போனாள்.

கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் நஸ்ரின் என்பவர் அவளைப் பார்த்தார். ஐம்பதை நெருங்கிய வயது, பருத்திப் புடவை, எதையும் சுற்றி வளைக்காத பேச்சு. முடிவைத் திரையில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல நல்ல சேதியைச் சொல்லிடறேன். நீங்க போதைக்காரி இல்லை."

சம்யுக்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்ப அந்த மெசின் சொன்னது தப்புங்களா?"

"தப்பில்லை. மருந்து உள்ளேதான் இருக்கு. வெளியிலிருந்து ஒட்டினதா இருக்குமோன்னு நல்லாக் கழுவிட்டுத்தான் பார்த்தேன். உங்க ரத்தத்துல ஓடி, முடிக்குள்ள வந்திருக்கு. தூக்க மருந்து. ஆனா இதோட வடிவத்தைப் பாருங்க. போதைக்கு அடிமையானவங்க முடி எப்படி இருக்கும் தெரியுமா? மலை மாதிரி ஏறும், இறங்கும். கிடைச்ச நாள் ஏறும், கிடைக்காத நாள் சரியும். போகப்போக அளவு கூடிக்கிட்டே போகும். உங்களுது மேஜை மாதிரி தட்டையா இருக்கு. ஒரே நாள்ல ஆரம்பிச்சு, தினமும் காலையில ஒரே அளவு, ஒரே நாள்ல நின்னிருக்கு. தானா சாப்பிடறவங்களுக்கு இவ்வளவு ஒழுங்கு வராதும்மா. இது யாரோ அளந்து குடுத்தது. அப்ப எந்த டாக்டர்கிட்டயாவது வைத்தியம் பார்த்தீங்களா?"

"டாக்டர்கிட்டப் போகலைங்க. எனக்கு அப்ப மஞ்சக் காமாலை. வீட்டுலயே பத்தியம் இருந்தேன்."

நஸ்ரின் திரையில் எதையோ பெரிதாக்கினார்.

"காமாலைன்னு யார் சொன்னாங்க?"

"அம்மாதான். கண்ணு மஞ்சளா இருக்குதுன்னாங்க."

"ஈரல் கெட்டா முடியில அதுவும் தெரியும். இந்த ரேகை கலங்கிப்போகும். உங்களுக்கு ஊத்துத் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு." அவர் குரல் தணிந்தது. "அந்தக் கோடையில உங்களுக்குக் காமாலையே வரலைம்மா. அந்த நாட்கள்ல உங்களுக்குச் சாப்பிடக் குடுத்தது யாரு?"

கீழாநெல்லி. விடியற்காலையில் கொல்லையிலிருந்து வேரோடு பறித்து வந்து, அம்மியில் வெண்ணெயாக அரைத்து, மோரில் கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மா புகட்டுவாள். கசப்பு தொண்டையிலேயே நிற்கும். "இன்னும் ஒரே ஒரு மடக்கு, என்ற தங்கமில்ல" என்பாள். பிறகு உப்பில்லாத மோர்ச் சோறு, அம்மா கையால் உருட்டி உருட்டி. பிறகு தூக்கம். விழித்தால் அம்மாவின் மடி, தலையைக் கோதுகிற விரல்கள், மறுபடியும் தூக்கம். காமாலைக்காரி வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று போனை வாங்கி வைத்துக்கொண்டாள். வெளிக்காற்று ஆகாது என்று ஜன்னலைச் சாத்தினாள். காமாலை என்றால் எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள் என்பதால் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள், "தாயின்னா இவதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சம்யுக்தாவும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஓயாமல் வேலை செய்கிற அம்மா தன்னோடு உட்கார்ந்திருந்த ஒரே கோடை அது. மனசு சோர்ந்த நாட்களிலெல்லாம் அந்த மடியை நினைத்துத்தான் அவள் தேறிக்கொள்வாள்.

அந்தக் கோடையில்தான் ஆல்வினும் காத்திருந்தான். கல்லூரித் தோழன். கோயம்புத்தூரில் பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கு உடம்பு தேறி, போன் கைக்கு வந்தபோது அவன் அழைப்பை எடுக்கவில்லை. நோயில் விழுந்தவளை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றே இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பரிமளம் முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். விரல்கள் நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குக் காமாலையே வரலையாம்மா?"

"சாப்புட்டு வா, பேசலாம்."

"வந்துதா, வரலையா?"

"வரலை." ஒரு காயை ஒடித்துப் போட்டாள். "உன்ற பெரியப்பனுக்குத் தெரிஞ்சுபோச்சு கண்ணு. அந்தப் பையன் நம்ம ஆளு இல்லைன்னும், நீங்க ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போறீங்கன்னும். வீச்சரிவாளை எடுத்து வண்டியில வெச்சுக்கிட்டு வந்து நின்னாரு. ரெண்டு பேத்தையும் ஒண்ணா அனுப்பிடறேன்னாரு. நான் அவரு காலுல விழுந்தேன். பொண்ணை வெளியவே வராமப் பாத்துக்கறேன், எனக்குக் கொஞ்ச நாளு குடுங்கன்னேன். உன்னைக் கட்டிப் போட எனக்கு மனசு வரலை. தூங்க வெச்சேன்."

"ஆல்வின் வந்தானா?"

முறம் அசையாமல் நின்றது.

"ஒருக்கா வந்தான். உன்ற பெரியப்பன் தோட்டத்துல இருந்த நேரம். அவகிட்டயே கேட்டுக்கோன்னு உள்ள விட்டேன். நீ கட்டில்ல உக்காந்திருந்த. வர்றியா சம்முன்னு கேட்டான். நீ அவனைப் பாத்துச் சிரிச்ச. அப்புறம் யாருங்கன்னு கேட்ட. அவன் நின்னு பாத்துட்டு, அழுதுக்கிட்டே போயிட்டான்."

சம்யுக்தாவுக்கு அது நினைவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள். அவன் முகம் இல்லை, கேள்வி இல்லை, தன் சிரிப்பு இல்லை. மோரின் கசப்பு மட்டும்தான் இருந்தது.

"நீ உசுரோட இருக்கற" என்றாள் பரிமளம். "அவனும் எங்கியோ உசுரோட இருக்கறான். என்ன வேணுமோ திட்டிக்க."

சம்யுக்தாவுக்குத் திட்ட வரவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "அவங்க வீட்டுல வந்து இதைச் சொல்லு. நான் எடுக்கலைன்னு சொல்லு. நீதான் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் அம்மா. உடனே சொன்னாள், தயங்கவே இல்லை. மகளுக்காக எதையும் செய்கிறவள்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாகன் வீட்டு நடுக்கூடத்தில் பரிமளம் எல்லாவற்றையும் சொன்னாள். அரிவாளிலிருந்து மோர் வரை எதையும் மறைக்கவில்லை. சம்யுக்தா விசாகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து வருவான், என்ன கொடுமை இது என்று கேட்பான், அது போதும் என்று நினைத்தாள்.

விசாகன் பெருமூச்சு விட்டான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நீயா எடுக்கலை! அவ்வளவுதானே விசயம்? இதுக்குப் போயி நான் இத்தனை நாளாத் தூங்கலை. பயமுறுத்திட்டியே சம்மு!"

"எங்கம்மா எனக்குப் பண்ணினது..." என்று தொடங்கினாள்.

"பழசை விடு. அந்தப் பையன் விசயத்தைக் கூட நான் கேக்க மாட்டேன். போதுமா?"

வசுமதி எழுந்து வந்து பரிமளத்தின் கைகளைப் பற்றிக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமான ஈரம் இருந்தது. "பெத்தவ வேற என்னதாங்க பண்ணுவா? உங்க இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன். கல்யாண வேலையப் பாக்கலாமுங்க சம்பந்தி."

எல்லாம் சரியாகிவிட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. பேர் துலங்கிவிட்டது, மாப்பிள்ளை சிரிக்கிறான், உள்ளே கேசரி கிளறுகிற வாசனை வருகிறது. சம்யுக்தாவுக்கு நாக்கு உலர்ந்துபோயிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைப் பக்கம் போனாள். அவளுக்கு முன்பே இரண்டு தாய்மாரும் அங்கே போயிருந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா, தப்பா நெனைக்கப்படாது" என்றாள் வசுமதி, தணிந்த குரலில். "அந்த மாத்திரை பேரு என்னங்க?"

"எதுக்குங்க சம்பந்தி?"

"என்ற வீட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்களே. காலேஜு பஸ்ஸு ஓட்டறவரு மகனோட பழக்கமாம். விசாகனுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவான்."

கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு பரிமளம் மருந்தின் பெயரைச் சொன்னாள். விளங்கட்டும் என்று இன்னொரு முறை நிறுத்திச் சொன்னாள். எவ்வளவு, எப்போது, எதில் கலந்தால் ருசி தெரியாது என்பதையும், சமையல் பக்குவம் சொல்கிற அதே அக்கறையோடு சொன்னாள்.

"ஆனா முடியில தெரிஞ்சுபோகுதுங்களே?"

"எல்லாம் முடிஞ்சதும் பழனிக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டுருங்க. காமாலை தெளிஞ்ச வேண்டுதல்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நானும் அன்னிக்கே அதைப் பண்ணியிருக்கணும்" என்றாள் பரிமளம். "இவ முடி மேல இருந்த ஆசையில விட்டுட்டேனுங்க."

சம்யுக்தா தண்ணீர் குடிக்கவில்லை. வந்த வழியே திரும்பி, கூடத்தைத் தாண்டி, வாசலுக்குப் போனாள். லயா போர்ட்டிகோவில் கார் மேல் சாய்ந்துகொண்டு யாருடனோ போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் போனை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வாங்க அண்ணி! ரிலீசு ஆயிட்டீங்களா?"

சம்யுக்தா அவள் இரு தோள்களையும் பிடித்தாள். "லயா, நான் சொல்றதைக் கவனமாக் கேளு. உன் விசயம் அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்கம்மா எனக்குக் குடுத்ததை உனக்குக் குடுக்கப் போறாங்க. இப்பத்தான் மருந்து பேரைக் கேட்டு வாங்கினாங்க, என் காதால கேட்டேன். இந்த வீட்டுல அவங்க கையால எதையும் குடிக்காத. முடிஞ்சா இன்னிக்கே யாராச்சும் சிநேகிதி வீட்டுக்குப் போயிரு."

லயாவின் கண்கள் ஒரு கணம் அகன்றன. பிறகு அவள் முகம் நெகிழ்ந்தது. பாவம், இவள் பட்டிருக்கிற பாட்டுக்கு இப்படியெல்லாம் தோன்றத்தானே செய்யும் என்கிற இரக்கம் அதில் வந்து நிறைந்தது. சம்யுக்தாவின் கன்னத்தை மெல்லத் தொட்டாள்.

"ஐயோ அண்ணி. உங்கம்மா அப்படிப் பண்ணிட்டாங்கன்னா எல்லா அம்மாவும் பண்ணிருவாங்களா? எங்கம்மா வாய்தான் நீளம், மனசு வெல்லம். எனக்கு ஒரு தும்மல் வந்தா அவங்க ஒடம்பு சரியில்லாமப் போயிரும். நீங்க வேணும்னாப் பாருங்க."

"லயா, வேண்டாம். நில்லு..."

அவள் கையை விடுவித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிரித்தபடியே உள்ளே ஓடினாள். கூடத்திலிருந்து அவள் குரல் வாசல்வரை கணீரென்று கேட்டது.

"அம்மா! அண்ணி உங்களைப் பத்தி என்ன சொல்றாங்க தெரியுமா?"